கண்ணாடியை விடு, காலைப் பார்: பழைய ஸ்னைப்பர் துப்பாக்கிகளை மவுண்ட் வைத்து அடையாளம் காண்பது

என் தங்கை மகன் கீழக்கரையில் இருக்கிறான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. செல்போனில் துப்பாக்கிச் சண்டை ஆடி ஆடி, இப்போது உலகப் போர்ப் படங்களைச் சேர்க்கும் பைத்தியம் பிடித்திருக்கிறது. வாரத்துக்கு நாலு படமாவது வாட்ஸப்பில் வந்துவிடும். "மாமா, இது என்ன துப்பாக்கி?" என்று ஒரே கேள்வி. நான் ராணுவத்தில் இருபத்து நாலு வருடம் ஆர்மரர், அதாவது ஆயுதம் பழுது பார்ப்பவர், வேலை பார்த்தவன். துப்பாக்கியைச் சுட்டதை விடப் பிரித்துப் போட்டுத் துடைத்ததுதான் அதிகம். இப்போது மண்டபத்தில் வீடு. நாட்டுப்படகு இன்ஜின்களைப் பழுது பார்க்கக் கூப்பிட்டால் போவேன். இல்லாத நேரத்தில் இவன் அனுப்பும் படங்கள்தான் பொழுதுபோக்கு.

படம் வந்ததும் அவன் முதலில் பார்ப்பது தொலைநோக்கியைத்தான். நீளமா, குட்டையா, மேலே குமிழ் எத்தனை என்று எண்ணுவான். அங்கேதான் தப்பு. பழைய படத்தில் தொலைநோக்கி ஒரு கறுப்புக் குழாய், அவ்வளவுதான். நாலு நாட்டுக் குழாயையும் வரிசையாக வைத்தால் எனக்கே சட்டென்று தெரியாது. அதைத் துப்பாக்கியோடு சேர்த்துப் பிடித்திருக்கிறதே, அந்தக் கால், அந்த மவுண்ட், அதுதான் ஒவ்வொரு நாட்டுக்கும் வேறு வேறு. அதைப் பார்க்கத் தெரிந்தால் பாதிப் படங்களுக்குப் பெயர் சொல்லிவிடலாம். அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பார்க்கவும் படிக்கவும் மட்டும்தான் இது. இந்தியாவில் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும்.

முதலில் ஒரு சின்னச் சோதனை

கால் ஏன் அவ்வளவு முக்கியம் என்று வாயால் சொன்னால் பையனுக்கு ஏறவில்லை. ஒரு தேக்குப் பலகைத் துண்டை எடுத்தேன். கடையில் விற்கும் பேனா லேசர் ஒன்றை இன்னொரு சின்னக் கட்டையில் இறுக்கி, அந்தக் கட்டையைப் பலகை மேல் இரண்டு போல்ட்டால் முடுக்கினேன். இரண்டு போல்ட்டுக்கும் இடையில் பத்து சென்டிமீட்டர். பலகையைத் திண்ணையில் அசையாமல் வைத்து, முப்பது மீட்டர் தள்ளியிருக்கும் வலைக் கொட்டகைச் சுவரில் சிவப்புப் புள்ளி விழும்படி செய்தோம். பையன் ஓடிப்போய் புள்ளியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு வந்தான். அப்புறம் பின் போல்ட்டைத் தளர்த்தி, கட்டைக்கு அடியில் ஒரு ஜெராக்ஸ் தாள் துண்டைச் சொருகி மறுபடி முடுக்கினேன். புள்ளி வட்டத்தை விட்டு மூன்று சென்டிமீட்டர் கீழே இறங்கிவிட்டது.

தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். பத்து சென்டிமீட்டர் அடித்தளத்தில் அந்த அளவு தூக்கினால், முப்பது மீட்டரில் மூன்று சென்டிமீட்டர், முந்நூறு மீட்டரில் முப்பது சென்டிமீட்டர். ஒரு தாள், ஒரு அடி. துருவின் ஒரு படலமோ, தளர்ந்த ஒரு திருகாணியோ, மண்துகள் ஒன்றோ இதே வேலையைச் செய்யும். கண்ணாடி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இதைக் காப்பாற்ற முடியாது.

இன்னொரு சங்கதி. ராணுவத் தொலைநோக்கியைப் பெரும்பாலும் நடைபயணத்தில் கழற்றி உறையில் போட்டு எடுத்துப் போவார்கள், வேண்டும்போது மாட்டுவார்கள். கழற்றி மாட்டினால் பழைய இடத்திலேயே வந்து உட்கார வேண்டும். எங்கள் ஊர்க்காரனுக்கு இதை விளக்கப் பாம்பன் பாலம் போதும். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுவில் இரண்டு இறக்கைகள் இருந்தன. கப்பல் வரும்போது ஆட்கள் பல்சக்கரத்தைக் கையால் சுற்றி இரண்டையும் மேலே தூக்குவார்கள். கப்பல் போனதும் இறக்குவார்கள். இறக்கும் ஒவ்வொரு தடவையும் இந்தப் பக்கத் தண்டவாளமும் அந்தப் பக்கத் தண்டவாளமும் மயிரிழை பிசகாமல் சந்திக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் அடுத்த ரயில் என்ன ஆகியிருக்கும்? கழற்றி மாட்டும் மவுண்ட்டுக்கும் அதே பரீட்சைதான். யார் எப்படி அந்தப் பரீட்சையை எழுதினார்கள் என்பதில்தான் நாடுகளுக்குள் வித்தியாசம்.

படத்தை எந்த வரிசையில் பார்ப்பது

படம் கையில் வந்ததும் நான் கேட்பது, தொலைநோக்கி துப்பாக்கியின் எந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதுதான். ஆர்மரர் பேச்சில், தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் உருளையான போல்ட் ஓடும் இரும்புக் கூட்டை 'பாடி' என்போம். பாடியின் தலைமேலா, இடது விலாவிலா, வலது விலாவிலா, இல்லை பாடியைத் தொடாமல் முன்னால் பேரல், அதாவது குழல், பக்கம் நிற்கிறதா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதி கழிந்துவிடும்.

அடுத்தது தோட்டா எப்படி உள்ளே போகிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்து ராணுவ ரைஃபிள்களில் ஐந்து தோட்டாவைத் தகட்டுக் கிளிப்பில் கோத்து, மேலிருந்து கட்டை விரலால் அழுத்தி இறக்குவார்கள். நாங்கள் அதைச் சார்ஜர் என்போம். பாடிக்கு நேர் மேலே தொலைநோக்கி வந்தால் சார்ஜர் இறங்க வழியில்லை. தோட்டாவை ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். 'சார்ஜரும் வேண்டும், தொலைநோக்கியும் வேண்டும்' என்று அடம் பிடித்தவர்கள் தொலைநோக்கியை இடது பக்கம் தள்ளி வைத்தார்கள். 'ஒவ்வொன்றாகப் போட்டால் போதும்' என்றவர்கள் நேர் மேலே வைத்தார்கள்.

அப்புறம் போல்ட்டின் கைப்பிடி. அது நேராக நீட்டிக்கொண்டிருந்தால், மேலே தூக்கும்போது தொலைநோக்கியில் இடிக்கும். அதனால் ரஷ்யர்கள் கைப்பிடியை நீட்டிக் கீழ்நோக்கி வளைத்தார்கள். படத்தில் தொலைநோக்கி மங்கலாக இருந்தாலும் வளைந்த கைப்பிடி பளிச்சென்று தெரியும்.

கடைசியாக, மவுண்ட்டை எது பூட்டுகிறது? கையால் திருகும் சொரசொரப்புத் தலை உருளையா, நெம்புகோலா, கொக்கியா? இதைப் பார்க்க நல்ல படம் வேண்டும். கிடைத்தால் சந்தேகமே இருக்காது.

நம்பர் 4 டி: கொஞ்சம் நிதானமாக

எனக்கு இதில் ஓரவஞ்சனை உண்டு. இதைத் தொட்டுப் பழகியவன் நான்.

லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 மார்க் 1 டி என்பது முழுப் பெயர். தொழிற்சாலையில் சுட்டுப் பார்க்கும்போது குறி நன்றாகக் கூடிய ரைஃபிள்களைத் தனியே பொறுக்கி எடுத்து, 1942 முதல் லண்டனில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் என்ற வேட்டைத் துப்பாக்கி நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். பணக்காரர்களுக்குக் கைவேலையாகத் துப்பாக்கி செய்து பழகிய ஆட்கள். அவர்கள் பாடியின் இடது விலாவில் இரண்டு இரும்பு மேடைகளைப் பொருத்தினார்கள். முன்மேடை வட்டம், பின்மேடை தட்டை. தொலைநோக்கியைச் சுமக்கும் வார்ப்பிரும்பு பிராக்கெட் அந்த இரண்டின் மேலும் வந்து உட்காரும். சொரசொரப்புத் தலை வைத்த இரண்டு பெரிய திருகுகள் அதைப் பிடிக்கும். இடது பக்கத்துப் படத்தில் இந்த இரண்டு உருளைகளையும் பார்த்துவிட்டால் வேறெதையும் பார்க்க வேண்டாம். பட்டின், அதாவது தோளில் முட்டும் மரப் பகுதியின், மேல் கன்னம் சாய்க்க ஒரு மரக்கட்டை திருகியிருக்கும். தொலைநோக்கி உயரமாக நிற்பதால் கன்னத்துக்கு அந்த முட்டு வேண்டும்.

மேலே நிற்பது நம்பர் 32 என்ற தொலைநோக்கி. மூன்று மடங்கு காட்டும். பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காக வடிவமைத்தது, கடைசியில் ரைஃபிளுக்கு வாழ்க்கைப்பட்டது. தூரக் குமிழில் ஆயிரம் கெஜம் வரை கோடு இருக்கும். மார்க் 1-ல் ஜீரோ வைக்க, அதாவது குறி பார்க்கும் இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்ய, மூன்று கை வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே கேலி செய்தார்கள். ஒரு வளையத்தைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டே இன்னொன்றைத் திருப்ப வேண்டும், அதற்குள் முதல் வளையம் நழுவிவிடும். மார்க் 3 வந்தபோது அந்தத் தொல்லை தீர்ந்தது.

இந்தத் துப்பாக்கியில் எனக்கு ரொம்பப் பிடித்தது எண்கள். துப்பாக்கியின் எண் பிராக்கெட்டில் பொறித்திருக்கும். தொலைநோக்கியின் எண் பட்டின் கழுத்தில், கட்டை விரல் படும் இடத்துக்குப் பின்னால், மரத்தில் பொறித்திருக்கும். பாடியின் இடது பக்கம் T என்ற ஆங்கில எழுத்து. மூன்றும் ஒரே குடும்பம் என்பதற்குச் சாட்சி. ஏன் இத்தனை கெடுபிடி? ஒவ்வொரு பிராக்கெட்டையும் அந்தந்த ரைஃபிளின் மேடையில் வைத்துக் கையால் தேய்த்துப் பொருத்தியிருந்தார்கள். அச்சில் வார்த்த மாதிரி எல்லாம் ஒன்றுபோல இருக்காது.

இது தெரியாமல் நான் அடி வாங்கியிருக்கிறேன். சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருக்கும். எங்கள் பட்டறையில் பழைய நம்பர் 4 டி இரண்டு வந்திருந்தன. ஒரே மேஜையில் ஒரே நேரத்தில் இரண்டையும் கழற்றித் துடைத்தேன். ஒன்றின் பிராக்கெட் மற்றதில் போய் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்தது என்ன, சுகமாகவே உட்கார்ந்தது. திருகு முழுசாக இறங்கியது, ஆட்டமே இல்லை. மறுநாள் சுட்டுப் பார்க்கும் ரேஞ்சில் இரண்டு துப்பாக்கியும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் தள்ளிச் சுட்டன. ஒன்று இடது மேல், ஒன்று வலது கீழ். எங்கள் சுபேதார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சத்தமே போடமாட்டார், அதுதான் பயம். இரண்டு பிராக்கெட்டையும் கழற்றித் திருப்பி, எண்ணைக் காட்டினார். "ஊர்ல அண்ணன் தம்பி சட்டையை மாத்திப் போட்டாக்கூட அம்மா கண்டுபிடிச்சிருவா. உனக்கு நம்பரே போட்டுக் கொடுத்திருக்கான், இன்னும் தெரியலையா?" என்றார். அன்றிலிருந்து ஒரு மேஜையில் ஒரு துப்பாக்கிதான். இப்போது படகு இன்ஜின் பிரிக்கும்போதும் அப்படித்தான்.

இதற்கு ஒரு பரம்பரை வியாதியும் உண்டு. முன்மேடையின் திருகாணிகள் சுடச்சுடத் தளரும். சுடும்போது வரும் உதையெல்லாம் அந்தப் பக்கம் போய் விழுவதால் அப்படி. அதனால் திருகாணித் தலைகளின் ஓரத்தில் உளியால் குத்தி மடித்துவிடுவது வழக்கம். அருங்காட்சியகத்தில் அருகில் போய்ப் பார்க்க வாய்த்தால், மேடைத் திருகுகளில் அந்தக் குத்து வடுக்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பின் பார்வையையும், அதாவது தொலைநோக்கி இல்லாமல் குறி பார்க்கக் கண் பக்கம் இருக்கும் இரும்பையும், கவனியுங்கள். சாதாரண நம்பர் 4-ல் கிட்டத்துக்குச் சுட இருக்கும் வளையத்தை டி ரைஃபிளில் அரைத்து எடுத்திருப்பார்கள். தொலைநோக்கிக்கு இடிக்கும் என்பதால்.

பிரிட்டனில் இதே துப்பாக்கியை 1970-ல் 7.62 மில்லிமீட்டருக்கு மாற்றி எல்42 என்று பெயர் வைத்தார்கள். 1982 ஃபாக்லண்ட் சண்டையிலும் அது போனது. பெயர் மாறியது, இடது விலாவில் இரண்டு உருளை மாறவில்லை.

இடது பக்கம் தள்ளியவர்கள்

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் இவ்வளவு தெளிவாக இல்லை. நம்பர் 4-க்கு முந்தைய லீ-என்ஃபீல்டான எஸ்எம்எல்இ ரைஃபிளில் ஆல்டிஸ், பெரிஸ்கோப்பிக் பிரிசம், வின்செஸ்டர் ஏ5 என்று கிடைத்த தொலைநோக்கிகளையெல்லாம் வைத்தார்கள். பெரும்பாலானவை பேரலுக்கு நேர் மேலே இல்லாமல் இடது பக்கம் ஒதுங்கி நிற்கும். காரணம் சார்ஜர். வேகமாகச் சுட வேண்டுமாம்! மறைந்திருந்து ஒரு குண்டு சுட்டுவிட்டு ஒதுங்குகிறவனுக்கு எதற்கு வேகம்? அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் ஸ்னைப்பர் பயிற்சியை ஒழுங்குபடுத்திய ஹெஸ்கெத்-பிரிச்சர்டும் இதைப் பற்றி எரிந்து விழுந்திருக்கிறார். பதுங்கு குழியின் இரும்புத் தகட்டில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகச் சுட வேண்டும். பேரல் ஓட்டைக்கு நேராக இருந்தால் தொலைநோக்கி தகட்டைப் பார்க்கும். தொலைநோக்கி வெளியே பார்த்தால் பேரல் தகட்டை முட்டும். கோணலான கருவியால் நேராகப் பார் என்றால் எப்படி?

போர் முடியும் சமயத்தில் பேட்டர்ன் 1914 ரைஃபிளில் தொலைநோக்கியை ஜெர்மன்காரன் மாதிரி நேர் மேலே, கொக்கி மவுண்ட்டில் வைத்தார்கள். 1918 மாதிரித் தொலைநோக்கி அது. ஆஸ்திரேலியாவின் லித்கோவில் இரண்டாம் போரின் கடைசியில் செய்த எச்டி ரைஃபிளிலும் அதே வகைத் தொலைநோக்கி, அதே கொக்கி. உடல் எஸ்எம்எல்இ, தலைமேல் கொக்கி மவுண்ட், கனத்த பேரல் என்றால் லித்கோ என்று வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் வார்னர் அண்ட் ஸ்வேசி தனி ரகம். ஒரு சின்னப் பெட்டி மாதிரி இருக்கும், உள்ளே பட்டகம். இடது விலாவில் தண்டவாளம் மாதிரி ஒரு பட்டையில் சொருகியிருக்கும். 1908 மாதிரி ஆறு மடங்கு, 1913 மாதிரி 5.2 மடங்கு. கண்ணை ஒட்டி ஒரு ரப்பர் கிண்ணம். உதைக்கும்போது கண்ணைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும், அதனால் ஆட்கள் சுடுவதற்கு முன்பே கண்ணைச் சுருக்கினார்கள். கனடாக்காரர்கள் இதைத் தங்கள் ராஸ் ரைஃபிளிலும் வைத்தார்கள். பெட்டி கண்ணில் பட்டால் வேறு சந்தேகம் வேண்டாம்.

ரஷ்யர்கள்

மொசின்-நாகன்தான் பையனின் செல்லம். இதில் இரண்டு தலைமுறை. 1930-களில் பிஇ, பிஇஎம் என்ற நான்கு மடங்குத் தொலைநோக்கிகள். தொடக்கத்தில் பாடியின் தலைமேல் உட்கார்ந்தவை, பிறகு பக்கவாட்டு மவுண்ட்டுக்கு வந்தன. 1942 முதல் பியு என்ற குட்டையான 3.5 மடங்குத் தொலைநோக்கி. இது முதலில் எஸ்விடி-40 என்ற தானியங்கி ரைஃபிளுக்காக வந்தது. சோவியத் பெண் ஸ்னைப்பர் லுத்மிலா பாவ்லிசென்கோவின் புகழ்பெற்ற படங்களில் பார்க்கலாம். மொசினுக்கு அதைக் கொண்டுவந்தது கோச்செத்தோவ் வடிவமைத்த மவுண்ட்.

அந்த மவுண்ட்டை நான் ரசிப்பேன். பாடியின் இடது விலாவில் ஒரு தடித்த அடித்தட்டு, இரண்டு பெரிய திருகுகள். அடித்தட்டின் முன்னால் ஒரு குண்டு மாதிரி உருண்டை. மேல்பாகம் அந்தக் குண்டில் போய்க் கவ்வும், பின்னால் கைத்திருகு ஒன்று இறுக்கும். பின்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு சின்னத் திருகுகள் இருக்கும். ஒன்றைத் தளர்த்தி மற்றதை முடுக்கினால் முழு மவுண்ட்டும் குண்டைச் சுற்றி மேலே கீழே அசையும். அதாவது முதல் ஜீரோவை மவுண்ட்டிலேயே வைத்துவிடலாம், குமிழைத் தொட வேண்டாம். கையால் தேய்த்துப் பொருத்தும் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் ஆட்கள் ரஷ்யாவில் இல்லை. இருந்தாலும் போர் நடுவில் அதற்கு நேரம் எங்கே? அதனால் திருகையே வேலை செய்ய வைத்தார்கள். ஏழை வீட்டுக் கெட்டிக்காரத்தனம்.

போல்ட் கைப்பிடி வளைந்திருக்கும், சார்ஜர் போகாது, தொலைநோக்கிக்கு அடியில் இரும்புப் பார்வை தெரியும். படத்தில் ஆளின் கன்னம் பட்டில் படாமல் தாடைதான் படுகிறது என்றால் அது பெரும்பாலும் பியு. கன்னக்கட்டை கொடுக்காமல் உயரத்தில் வைத்ததன் விளைவு.

ஜெர்மன்காரன்

சென்னை மேல் குண்டு போட்ட எம்டன் கப்பலின் பேரை நாம் இன்னும் சாமர்த்தியக்காரனைத் திட்டவும் பாராட்டவும் வைத்திருக்கிறோம். மவுண்ட் விஷயத்தில் ஜெர்மன்காரன் எம்டன்தான், ஆனால் ஒரே எம்டன் இல்லை, ஐந்தாறு எம்டன். அவர்கள் ராணுவத்தின் கே98கே ரைஃபிளில் இத்தனை வகை மவுண்ட்டா என்று தலை சுற்றும்.

கொக்கி மவுண்ட் பழைய வேட்டைக்காரர் வழக்கம். முன்னும் பின்னும் நகம் மாதிரிக் கொக்கிகள் பள்ளத்தில் இறங்கும், பின்னால் ஒரு தாழ் பூட்டும். முதல் உலகப் போரிலேயே இருந்தது. டரட் மவுண்ட்டில் முன்கால் வட்டமானது. தொலைநோக்கியைக் குறுக்காக வைத்து முன்காலைச் சொருகி, வட்டத்தில் நாலில் ஒரு பங்கு திருப்பினால் பூட்டிக்கொள்ளும், பின்காலைத் தாழ் பிடிக்கும். பாடியின் தலைமேல் முன்னும் பின்னும் தனித்தனிக் கால் தெரிந்தால் இந்த இரண்டில் ஒன்று.

இடது விலாவில் பட்டை வைத்தவை இரண்டு. குட்டைப் பட்டையில் தொடக்கத்தில் மூன்று திருகுகள். அவை தளர்ந்தன. பிறகு பூட்டுத் திருகுகளும் ஊசிகளும் சேர்த்தார்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் நம் முன்மேடை ஞாபகம்தான் வரும். எல்லா நாட்டிலும் திருகாணி ஒரே ஜாதி. நீளப் பட்டை போரின் கடைசியில், 1944-ல் வந்தது. அதற்குப் பாடியின் இடது சுவரையே தடிப்பாகச் செய்திருப்பார்கள்.

பையன் அடிக்கடி ஏமாறுவது இசட்எஃப்41-ல். பின் பார்வையின் இடது பக்கத்தில், முகத்தை விட்டு வெகு முன்னால், விரல் நீளத்துக்கு ஒரு குழாய் நிற்கும். வெறும் 1.5 மடங்கு. பிரிவில் நன்றாகச் சுடுகிறவனுக்குக் கொடுத்தது. ஸ்னைப்பர் என்று படத்தின் கீழ் எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம்.

ஜி43 என்ற தானியங்கி ரைஃபிளில் மட்டும் மவுண்ட் வலது பக்கம். பாடியோடு சேர்த்தே செய்த பட்டை, நெம்புகோல் பூட்டு, இசட்எஃப்4 தொலைநோக்கி. வலது பக்க மவுண்ட் அபூர்வம் என்பதை மனதில் வையுங்கள், கடைசியில் வருகிறேன்.

அமெரிக்காவும் பிறரும், ஓட்டமாக

எம்1903ஏ4 என்ற ஸ்ப்ரிங்ஃபீல்ட் வகை ரைஃபிளை ரெமிங்டன் நிறுவனம் 1943-ல் செய்யத் தொடங்கியது. ரெட்ஃபீல்ட் மவுண்ட்: முன் வளையம் திருப்பிப் பூட்டும், பின்பக்கத்தை இரண்டு எதிரெதிர்த் திருகுகள் நெருக்கும். இரும்புப் பார்வையே கிடையாது. கண்ணாடி உடைந்தால் துப்பாக்கி குருடு. முன் நுனியில் பார்வை இல்லாத ஸ்ப்ரிங்ஃபீல்ட் என்றால் இதுதான். இன்னொரு அடையாளம், பாடியின் தலையில் இருக்க வேண்டிய எழுத்துகளைப் பக்கவாட்டில் தள்ளிப் பொறித்திருப்பார்கள், மவுண்ட் மறைக்காமல் இருக்க.

எம்1 காரண்டில் எட்டுத் தோட்டா கிளிப்போடு மேலிருந்து இறங்கும், காலியானதும் கிளிப் மேலே துள்ளும். நேர் மேலே எதையும் வைக்க முடியாது. அதனால் எம்1சி, எம்1டி இரண்டிலும் தொலைநோக்கி இடது பக்கம் ஒதுங்கியிருக்கும், பட்டில் தோல் திண்டு கட்டியிருக்கும். எம்1சி-யில் பிராக்கெட் பாடியைப் பிடிக்கும், இரண்டு நெம்புகோல். எம்1டி-யில் பேரலின் பின்முனையில் ஒரு இரும்புக் கட்டையும் ஒரே ஒரு பெரிய உருளைத் திருகும். இது அந்த ரைஃபிளை வடிவமைத்த ஜான் காரண்டே போட்ட வழி.

ரஷ்யர்களின் டிராகுனோவ் ரைஃபிள் 1963-ல் வந்தது. இடது விலாவில் பட்டை, நெம்புகோல், நான்கு மடங்கு பிஎஸ்ஓ-1. நம் ராணுவத்திலும் இருக்கிறது, செய்திப் படங்களிலேயே பார்த்திருப்பீர்கள்.

ஃபின்லாந்தின் பேர்போன ஸ்னைப்பர் சிமோ ஹாய்ஹா தொலைநோக்கியே வைக்கவில்லை. வைத்தால் தலையை உயர்த்த வேண்டும், கண்ணாடி வெயிலில் மின்னும் என்பது அவர் கணக்கு. அவர் படத்தில் மவுண்ட் தேடாதீர்கள்.

நேரில் பார்க்க வாய்த்தால்

இரும்பைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் கடற்கரையில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் சன்னல் கம்பியில் காலையில் கை வைத்தால் பிசுபிசுக்கும். உப்பு. இந்த உப்பு முதலில் போய் உட்காரும் இடம் இரண்டு இரும்பு சேரும் விளிம்பு. தட்டையான முகத்தைத் துடைத்துவிடலாம், விளிம்புக்குள் துணி போகாது. அதனால் பழைய துப்பாக்கியில் மேடையைச் சுற்றி மெல்லிய துருக்கோடு இருந்தால் நான் சந்தோஷப்படுவேன். மேடையும் பாடியும் ரொம்ப வருடம் சேர்ந்து வாழ்ந்திருக்கின்றன என்று பொருள். பாடி பழசாக, மேடை மட்டும் புதுக் கறுப்பாக இருந்தால் பின்னால் ஒட்ட வைத்தது.

மொசினில் இன்னொரு வேடிக்கை. போருக்குப் பிறகு பல ஸ்னைப்பர் ரைஃபிள்களை மவுண்ட் கழற்றிச் சாதாரண ரைஃபிளாக மாற்றினார்கள், ஓட்டைகளை அடைத்தார்கள். இடது விலாவில் அடைத்த வட்டங்கள் தெரிந்தால் அது ஒரு காலத்தில் ஸ்னைப்பர். மறுபக்கம், சாதாரண ரைஃபிளில் புதிதாக ஓட்டை போட்டு ஸ்னைப்பர் என்று விற்பவர்களும் வெளிநாடுகளில் நிறைய. திருகுத் தலையின் பள்ளத்தைப் பாருங்கள். எண்பது வருடத் திருகுக்கு ஒரு அடிபட்ட தழும்பாவது இருக்கும்.

வீட்டில் தாத்தா காலத்துப் பைனாகுலரோ கப்பல் தொலைநோக்கியோ இருந்தால் ஒரு வார்த்தை. இறுகிப்போன திருகை முறுக்காதீர்கள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு இரண்டு நாள் பேசாமல் இருங்கள். கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், உப்புத்தூள் கீறும். முதலில் ஊதுங்கள், அப்புறம் மென்மையான தூரிகை, அப்புறம்தான் துணி.

வலது பக்க மவுண்ட்

போன வாரம் இரவு பத்து மணிக்குப் பையன் ஒரு படம் அனுப்பினான். கூடவே குரல் செய்தி. "மாமா, பிரிட்டிஷ் தொப்பி போட்டவன் ஜி43 வச்சிருக்கான். பிடிச்ச துப்பாக்கியா இருக்குமோ?" பார்த்தேன். மவுண்ட் வலது பக்கம். போல்ட் கைப்பிடி இடது பக்கம். ஜி43-லும் அப்படித்தான், கைப்பிடி இடது, மவுண்ட் வலது. நியாயமான ஏமாற்றம்தான்.

ஆனால் கைப்பிடி டிரிக்கருக்குக் கிட்டத்தில், கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அது லீ-என்ஃபீல்ட் கைப்பிடி. பட்டில் மரக் கன்னக்கட்டை. மவுண்ட்டில் இரண்டு சொரசொரப்பு உருளை.

"அவன் சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் மூடுதுன்னு பாரு," என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பொம்பளைங்க சட்டை மாதிரி இருக்கு மாமா."

"அப்ப நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கான். போன்ல படத்தைக் கண்ணாடி மாதிரித் திருப்புற பட்டன் இருக்குமே, அதை அமுக்கு. இப்ப சொல்லு, என்ன துப்பாக்கி?"

"நம்பர் 4 டி."

"பட்டுக் கழுத்துல நம்பர் தெரியுதா?"

"பெருசாக்கினா மங்குது மாமா."

சரி, அதற்கு மேல் படம் தராது. தூங்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.